ஔரங்கசீப்புக்குப் பிறகு வந்த முகலாய அரசர்களின் வரிசையை எப்படி நினைவில் வைப்பது?

பட்டியலாக மனப்பாடம் செய்தால் நிற்காது, ரஃபி உத் தராஜத்தா ரஃபி உத் தவுலாவா என்ற இடத்திலேயே தலை சுற்றிவிடும். 1712இல் லாகூரில் நடந்த அண்ணன் தம்பி சண்டையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்தே வரும்.

ஔரங்கசீப் 1707இல் இறந்தார். போட்டிக்கு வந்த தம்பிகள் இருவரையும் முடித்த முதலாம் பகதூர் ஷாவுக்கு அப்போதே 63 வயது, ஐந்து ஆண்டுகூட முழுதாக ஆளவில்லை. அவர் பிள்ளைகள் நான்கு பேர்: ஜஹாந்தர் ஷா, அசீம் உஷ் ஷான், ரஃபி உஷ் ஷான், ஜஹான் ஷா. பணமும் படையும் அசீமிடம்தான் அதிகம். ஆனால் சுல்பிகார் கான் (நம் செஞ்சிக் கோட்டையை வருஷக்கணக்கில் முற்றுகையிட்டு 1698இல் பிடித்தாரே, அவரேதான்) மற்ற மூவரையும் சேர்த்துக்கொண்டு அசீமை ஒழித்தார், அப்புறம் அந்த மூவரிலும் இரண்டு பேரைக் கழித்துவிட்டு ஜஹாந்தரை உட்கார வைத்தார். முன்பெல்லாம் இளவரசர்களே அடித்துக்கொள்வார்கள், ஜெயித்தவன் ராஜா. இந்தத் தடவை உண்மையில் ஜெயித்தது அமைச்சர்.

இனி பாருங்கள், தோற்றுச் செத்த மூவரின் பிள்ளைகள்தான் வரிசையாக வருகிறார்கள். அசீமின் மகன் பரூக்சியர் 1713இல் சையது சகோதரர்கள் (செல்வாக்கு மிக்க பிரபுக்கள் இருவர்) தயவில் ஜஹாந்தரை ஒழித்துவிட்டு வந்தார். 1719இல் அதே சகோதரர்கள் அவர் கண்ணைக் குருடாக்கி, பிறகு கொன்றார்கள். அடுத்து ரஃபி உஷ் ஷானின் மகன்கள், நீங்கள் குழம்பும் அந்த இரண்டு ரஃபிகள். இருவரும் நோயாளிகள், சில மாதங்களில் போய்ச் சேர்ந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஜஹான் ஷாவின் மகன் முகமது ஷா வந்தார். பாரசீக மன்னர் நாதிர் ஷா 1739இல் மயிலாசனத்தைத் தூக்கிப்போனது இவர் காலத்தில் என்பதால் சோம்பேறி என்ற பெயரே நின்றுவிட்டது, எனக்கு அது கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது. சையது சகோதரர்களை ஒரே வருஷத்தில் வீழ்த்தி 1748 வரை தாக்குப்பிடித்த ஆள்.

அவர் மகன் அகமது ஷாவை 1754இல் இறக்கிய அமைச்சர் இமாத் உல் முல்க், ஜஹாந்தரின் மகனைத் தேடிப் பிடித்தார். வயது 55, நாற்பது ஆண்டு போல அரண்மனைக் காவலில் கிடந்தவர், கையில் படையும் இல்லை ஆளும் இல்லை. அமைச்சருக்கு வேண்டியதும் அதுதான். இவர் இரண்டாம் ஆலம்கீர், 1759இல் இவரையும் கொல்ல வைத்தது அதே இமாத்தான். அப்போது சில மாதம் உட்கார்ந்த மூன்றாம் ஷாஜகான் இந்த நால்வர் கணக்கில் வரமாட்டார், ஔரங்கசீப்பின் கடைசி மகன் காம் பக்ஷின் பேரன் அவர்.

அதற்குப் பிறகு, 1788இல் நடந்த கொஞ்ச மாதக் குளறுபடியை விட்டுவிட்டால், நேர்கோடுதான்: ஆலம்கீரின் மகன் இரண்டாம் ஷா ஆலம், அவர் மகன் இரண்டாம் அக்பர், அவர் மகன் இரண்டாம் பகதூர் ஷா, 1857 வரை. அடித்துக்கொள்ள என்ன மிச்சமிருந்தது, 1803க்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த பென்ஷனில்தான் அரண்மனையே ஓடியது. இரண்டாம் அக்பர் தன் செல்ல மகன் மிர்சா ஜஹாங்கீரை வாரிசாக்கப் பார்த்தார், கம்பெனி முடியாது என்றுவிட்டது.