வீட்ல அஞ்சு பேர்னு சொன்னியே தம்பி

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 29 வயசு, சென்னைல ஐடி வேலை, சொந்த ஊர் காரைக்குடி பக்கம். செப்டம்பர்ல தனியா பேக் மாட்டிக்கிட்டு வியட்நாம் வடக்கு மலைக்கு, சா பா பக்கம், ரெண்டு வாரம் போயிட்டு வந்தேன். அந்த மலைல வாழற ஹ்மோங் பழங்குடி ஜனங்க கூட நடந்து, தா வான் ஊர்ல ஹ்மோங் ஹோம்ஸ்டேல தங்கி, அவங்க சோத்த சாப்பிட்டு, வாழ்க்கையே மாறிடுச்சு. ஒண்ணுமே இல்லாம எவ்ளோ சந்தோஷமா இருக்காங்க! ஏழாம் நாள் ராத்திரி கைடு அக்காவோட சொந்தத்துல ஒரு சாவு, என்னையும் கூட்டிட்டு போனாங்க, விடிய விடிய உக்காந்திருந்தேன். அந்த ஒத்துமை நம்மகிட்ட இல்லவே இல்ல. அங்க ஒரு பாட்டி வீட்ல எத்தனை பேர்னு கேட்டாங்க, பழக்கதோஷத்துல அப்பத்தாவையும் சேர்த்து அஞ்சுன்னு சொல்லிட்டேன் (அப்பத்தா தவறி பத்தாம் நாள்தான் எனக்கு ஃப்ளைட், டிக்கெட் ஆறு மாசம் முன்னாடியே போட்டது, ரீஃபண்ட் கிடையாது). இப்போ வேலைய விட்டுட்டு மூணு மாசம் அங்க போய் பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரலாம்னு இருக்கேன். பிரச்சனை அப்பாதான். நான் வந்ததுலேந்து எங்கிட்ட பேசறதில்ல. அந்த சாவு வீட்டு வீடியோவ காட்டினேன், பாதிலயே எந்திரிச்சு போயிட்டார். பழைய காலத்து ஆள். டிராவல்னா என்னன்னு அவருக்கு எப்படி புரிய வைக்கிறது? — எம்., சென்னை

பதில்: தம்பி, உன் லெட்டர் மூணு பக்கம், இடமில்லாம சுருக்கிப் போட்டிருக்கேன். இந்த மாதிரி லெட்டர் மாசத்துக்கு நாலு வருது. ஊர்தான் மாறும், மணாலி, மேகாலயா, பாலி, இப்ப சா பா, ஆனா கடைசி வரி எல்லாத்துலயும் ஒண்ணுதான், அப்பாவுக்கு எப்படி புரிய வைக்கிறது. உன் மனசு எனக்குப் புரியுதுன்னு ஆரம்பிப்பேன்னு நினைச்சிருப்ப. நான் உன் மனச விட்டுட்டேன், ரெண்டரை பக்கம் மலையையும் மஞ்சளா விளைஞ்ச வயலையும் விட்டுட்டேன், நடுவுல அடைப்புக்குறி போட்டு ஒளிச்சு வச்சியே ஒரு வரி, அதத்தான் பிடிச்சுக்கிட்டேன்.

காலண்டர்ல விரல் வச்சு ரெண்டு தடவ எண்ணினேன். அப்பத்தா போன பத்தாம் நாள் உனக்கு ஃப்ளைட். அத முதல் நாள்னு வச்சா உன் ட்ரிப்போட ஏழாம் நாள் என்ன நாளு? பதினாறு. உன் லெட்டர் முழுக்க தேடினேன், பதினாறுங்கற வார்த்தையே இல்ல.

உங்க பக்கம் அன்னைக்கு என்ன நடக்கும்னு நான் சொல்லணுமா? உங்கப்பா மீசைய எடுத்துட்டு ஈர வேட்டியோட உக்காந்திருப்பாரு, மாமன் மச்சான் வந்து உருமா கட்டுவாங்க, கட்டி முடிச்சு எந்திரிக்கும்போது அந்த மனுஷன் கண்ணு கூட்டத்துல யாரத் தேடியிருக்கும். பந்தில உக்காந்தவங்க ஒவ்வொருத்தரா கேட்டிருப்பாங்க, பேரன் எங்கப்பா, நெய்ப்பந்தம் பிடிச்சானே அந்தப் பய எங்கன்னு. ஆபீஸ் வேலையா வெளிநாடு போயிருக்கான்னு உங்கப்பா எத்தனை பேர்கிட்ட பொய் சொல்லியிருப்பாருன்னு யோசிச்சியா. தாய்க்கு காரியம் பண்ற நாள்ல மகனுக்காக பொய் சொல்லிட்டு நின்ன மனுஷன போய் பழைய காலத்து ஆள்ங்கற.

அன்னைக்கு ராத்திரிதான் நீ முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் சாவுக்கு விடிய விடிய உக்காந்திருக்க. அதுக்கு கண்ணு கலங்குச்சுன்னு வேற எழுதியிருக்க.

அங்க என்ன நடந்துச்சுன்னாவது தெரிஞ்சுக்கிட்டியா? நான் 2018ல என் பொண்ணு இழுத்த இழுப்புக்கு அந்த மலைக்கு போயிருக்கேன், அதனால டிராவல் வேணாம்னு சொல்ற ஆள் நானில்ல. அந்த ஜனங்க யாருன்னே தெரியாம விட்டுடக்கூடாதுன்னு திரும்பி வந்தப்புறம் நிறைய படிச்சேன். நீ வீடியோ எடுத்த அந்தக் குழல் இருக்கே, மரக்குடுக்கைல ஆறு மூங்கில் குழாய் சொருகினது, கேங்னு சொல்வாங்க, அது வெறும் பாட்டு வாசிக்கல. ஹ்மோங் பாஷைல சுரம் மாறினா வார்த்தையே மாறிடும், அதனால அந்தக் குழல் ஊதறது அப்படியே பேச்சு, செத்தவங்களோட உயிர்கிட்ட பேசறாங்க. அதுக்கு முன்னாடி ஒரு பெரியவர் வழிகாட்டற பாட்டுன்னு ஒண்ணு பாடுவாரு, மணிக்கணக்கா போகும். செத்தவங்க கடைசியா இருந்த ஊர்லேந்து ஆரம்பிச்சு அதுக்கு முந்தின ஊர், அதுக்கும் முந்தின ஊர்னு ஒண்ணொண்ணா பின்னோக்கி பேர் சொல்லி, ஒவ்வொரு இடத்துலயும் நன்றி சொல்லி கிளம்ப வச்சு, பொறந்த வீட்டுக்கே கூட்டிட்டு போய் விடுவாரு. எதுக்குன்னா குழந்தை பொறந்ததும் நஞ்சுக்கொடிய அந்த வீட்லயே புதைக்கறது அவங்க வழக்கம், ஆம்பளப் பிள்ளைன்னா வீட்டு நடுக்கால் கிட்ட, பொம்பளப் பிள்ளைன்னா அப்பா அம்மா படுக்கைக்கு அடில. நஞ்சுக்கொடிக்கு அவங்க பாஷைல சட்டைன்னுதான் பேரு. முதமுதல்ல போட்டிருந்த அந்த சட்டைய எடுத்துப் போட்டுக்கிட்டாத்தான் முன்னோர்கள்கிட்ட போய்ச் சேர முடியும், நடுவுல ஒரு ஊர விட்டாலும் உயிர் வழி தெரியாம நின்னுடும்னு நம்பறாங்க. நம்ம ஒப்பாரில பொறந்த வீடு, வாக்கப்பட்ட வீடுன்னு சொல்லிச் சொல்லி அழுவாங்களே, கிட்டத்தட்ட அது மாதிரி.

பக்கத்து நாடு லாவோஸ்லயும் ஹ்மோங் ஜனங்க உண்டு. 1975ல அங்க கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தப்ப, அமெரிக்கா பக்கம் நின்னு சண்டை போட்ட குடும்பங்க மேகாங் ஆத்த தாண்டி தாய்லாந்து கேம்புக்கு ஓடினாங்க, அங்கேர்ந்து ஆயிரக்கணக்குல அமெரிக்கா போனாங்க. மினசோட்டால செயின்ட் பால் ஊர்ல இன்னைக்கும் ஒரு பெரியவர் போனா சாவு மூணு நாலு நாள் நடக்குது, ஃபேக்டரில ஷிஃப்ட் பாக்கறவங்க, நர்ஸு, டீச்சர்னு எங்கெங்கேர்ந்தோ ஃப்ளைட் புடிச்சு வந்து நிக்கறாங்க. அந்த வழிகாட்டற பாட்டுல இப்ப மினசோட்டா வருது, ஏறி வந்த ப்ளேன் வருது, கேம்ப் வருது, ஆறு வருது, அப்புறம்தான் லாவோஸ் மலை கிராமம். நாடே கைவிட்டுப் போனாலும் பெரியவங்கள வழியனுப்பற வேலைய அவங்க கைவிடல. நீ ரீஃபண்ட் கிடையாதுங்கற.

ஒத்துமை ஒத்துமைன்னு எழுதியிருக்கியே, அது என்ன மலைக்காத்துல வர்றதா? அந்த வீட்ல சோறு ஆக்கினது யாரு, விறகு வெட்டினது யாரு, மத்தளம் அடிச்சது யாருன்னு பார்த்தியா, மருமகனுக்கு ஒரு வேலை, பங்காளிக்கு ஒரு வேலைன்னு ஆளுக்கொண்ணு பிரிச்சுக் கொடுத்திருப்பாங்க. உதவிக்கு வந்தவங்க முன்னாடி செத்தவங்களோட பிள்ளைங்க முழங்கால் போட்டு கும்பிடறதும் உண்டு, அது உன் வீடியோல இருக்கலாம், போய் பாரு. கடைசிப் பையன் அந்த வீட்லயே இருந்து அப்பன் ஆத்தாள பார்த்துக்கறது அவங்க வழக்கம், அவனுக்கு மட்டும் பேக் மாட்டிக்கிட்டு ஊர் சுத்த ஆசை இருக்காதா? இருக்கும். அவன் இருந்துட்டான், அதனாலதான் நீ போய் உக்கார ஒரு வீடு இருந்துச்சு.

இப்ப அந்தப் பாட்டி கேட்ட கேள்விக்கு வரேன். பேரென்ன, வயசென்ன, அப்பா அம்மா இருக்காங்களா, கூடப் பொறந்தவங்க எத்தனை பேர்னு சா பால யார்கிட்ட போனாலும் கேப்பாங்க தம்பி, என்கிட்டயும் கேட்டாங்க, டூரிஸ்ட்டுங்க கூட நடந்து நடந்து காதால கத்துக்கிட்ட இங்கிலீஷ்ல அது முதல் பாடம். எங்க கூட வந்த அம்மா முதுகுல கூடையோட செங்குத்தா ஏறிக்கிட்டே, பேச்சும் நிக்காம, கைல நார எடுத்து நுனியோட நுனி முறுக்கி முறுக்கி இணைச்சுக்கிட்டே வந்துச்சு. கஞ்சாச் செடி வகைதான், நாருக்குன்னே வளக்கறது. ரெண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் அவுரிச் சாயம் ஏறி நீலமா இருந்துச்சு. யாருக்கு இந்தத் துணின்னு கேட்டேன், என் அம்மாவுக்கு, சாகும்போது உடுத்தன்னு சாதாரணமா சொல்லுச்சு. அந்த நார்த்துணி உடுத்தாம போனா முன்னோர்களுக்கு அடையாளம் தெரியாதாம். அம்மா உயிரோட வயல்ல வேலை பாத்துக்கிட்டிருக்கா, மக இப்பவே அவ கடைசித் துணிக்கு நார் முறுக்கறா. எனக்கு மேல ஏற முடியல, ஒரு கல்லுல உக்காந்துட்டேன், மூச்சு வாங்குதுன்னு என் பொண்ணு தண்ணி கொடுத்தா.

அந்த மாதிரி ஒரு கை உன் கையப் பிடிச்சு வீட்ல எத்தனை பேர்னு கேட்டப்ப உன் வாய்ல நாலுன்னு வரல. பழக்கதோஷம்னு எழுதி சிரிச்சிட்டு போற. பழக்கதோஷமெல்லாம் இல்லடா தம்பி. நெய்ப்பந்தம் பிடிச்ச, சரி. ஆனா அப்பத்தா போயிட்டாங்கன்னு ஊர் கூடி ஒத்துக்கற நாள் பதினாறு, அந்த நாள்ல நீ இல்ல, அதனால உனக்கு அவங்க இன்னும் போகல. அது உனக்கே தெரியும், இல்லன்னா யாரோ ஒருத்தர் சாவுக்கு ஏன் விடிய விடிய உக்காந்திருக்க? தூங்கப் போயிருக்கலாமே. அழ வேண்டிய இடத்த விட்டுட்டு ரெண்டு நாடு தாண்டிப் போய் அழுதிருக்க, அதுக்கு ஒத்துமைன்னு பேர் வச்சிருக்க. அத அப்படியே வீடியோவா கொண்டு வந்து, அம்மாவ தூக்கிக் கொடுத்து ஒரு மாசம் ஆகியும் ஆகாத மனுஷன் கைல நீட்டினியே. அவர் பாதில எந்திரிச்சுப் போனாரு, நல்ல மனுஷன், எங்கப்பாவா இருந்தா ஃபோன கிணத்துல போட்டிருப்பாரு.

உங்கப்பா மேலயும் தப்பு இருக்கு. பதினாறு முடிச்சுட்டுப் போடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொன்னா நீ நின்னிருப்பன்னு நினைக்கிறேன். பிள்ளைக்கு தானா தோணணும்னு வாய மூடிக்கிட்டு நிக்கற அந்தத் தலைமுறை ஆம்பளைங்கள எனக்கு வீட்லயே தெரியும், கேட்டா ரோஷம், கேக்கலன்னா வருத்தம்.

மத்ததெல்லாம் சீக்கிரம் சொல்லிடறேன். இங்கிலீஷ் சொல்லித்தர்றதா? எழுதப் படிக்கத் தெரியாமலே இங்கிலீஷ் பேசி டூரிஸ்ட்டோட பேரம் பேசி ஜெயிக்கற பொம்பளைங்க அவங்க, நீ போய் அவங்ககிட்ட கத்துக்கோ. டூரிஸ்ட் இ-விசா 90 நாள் கிடைக்குதேன்னு அதுல போய் வாத்தியார் வேலை பாக்க முடியாது, அது வேற அனுமதி. ஒண்ணுமே இல்லாம சந்தோஷமா இருக்காங்கங்கற வரிய என் முன்னாடி இன்னொரு தடவ எழுதாத, மழைல பிளாஸ்டிக் பூட்ஸ் போட்டுக்கிட்டு ரோட்டோரம் பை விக்கற புள்ளைங்க ஸ்கூலுக்குப் போகாம நிக்குதுங்க, அத சந்தோஷம்னு உனக்கு யார் சொன்னது. அப்புறம் தா வான் ஊர்ல பெரும்பாலும் இருக்கறது ஸாய் ஜனங்க, அது வேற இனம், வேற பாஷை. ஹ்மோங் ஊர்னா பக்கத்துல லாவோ சாய். நீ தங்கின வீட்டுக்காரங்க யாருன்னாவது கேட்டியா?

வேலைய இப்ப விட வேணாம். இந்த சனிக்கிழமை ஊருக்குப் போ. டிராவல் பத்தி அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசாத, மன்னிப்பு கேக்கறேன்னு வசனமும் பேசாத. ஒரு நோட்டு எடுத்துக்கிட்டு அவர் பக்கத்துல திண்ணைல உக்காந்து அப்பத்தா கடைசியா இருந்த வீட்லேந்து ஆரம்பிச்சு கேளு. இதுக்கு முன்னாடி எந்த வீடு, அதுக்கு முன்னாடி, கல்யாணம் ஆகி வந்தப்ப எந்தத் தெரு, ரங்கூன் பர்மான்னு யாராவது போனாங்களா, பொறந்தது எந்த ஊர், அந்த வீடு இன்னும் நிக்குதா, யார் இருக்காங்க. உனக்கு இதுல மூணு பேர் கூட தெரிஞ்சிருக்காது, பந்தயம் கட்டறேன். முதல்ல ஒத்த வார்த்தைல பதில் வரும், இல்ல வரவே வராது, உக்காந்திரு. சாவு வீட்ல விடிய விடிய உக்காந்தவன்தானே நீ. பொறந்த ஊர் தெரிஞ்சதும் அவரையே கூட்டிக்கிட்டு அங்க ஒரு நடை போயிட்டு வா, பஸ்ல.

அப்புறம் தலை திவசம் வரும். அது திதிப்படி வரும், தேதிப்படி இல்ல, போன செப்டம்பர் தேதிய பார்த்துக்கிட்டு நீயா லீவு போட்டு ஏமாந்துடாத. என்னைக்குன்னு அப்பாகிட்டதான் கேக்கணும், வேற யார்கிட்டயும் கேக்காத, அவர் காலண்டர எடுத்து கண்ணாடி போட்டுப் பார்த்து சொல்லட்டும். அந்தத் தேதிய எழுதிக்கிட்டு அப்புறம் சா பா டிக்கெட்ட பாரு.