பைக்குக் காவலா உங்கள் மகள்?

கேள்வி: நாங்கள் விசுவமடு. சுவிஸில் இருக்கிற அண்ணா ஸ்பொன்சர் கடிதமும் டிக்கெட்டும் அனுப்பி, போன ஆடியில் எங்களைக் குடும்பத்தோடு கூப்பிட்டார். ஒருநாள் பொது நீச்சல் தடாகத்துக்குக் கூட்டிப்போனார். புல்லில் பாய் விரித்து, கட்டிக்கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிட்டு, பொழுது நல்லாகத்தான் போனது. ஆனால் அண்ணியும் அவருடைய 16 வயது மகளும் அத்தனை பேருக்கு முன்னால் நீச்சல் உடுப்போடு திரிந்தார்கள். அண்ணா ஒரு சொல் சொல்லவில்லை. என் மகன் பெரியப்பாவோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டான், 13 வயது மகள் பைகளுக்குக் காவலாக இருந்தாள், நானும் மனைவியும் பாயிலேயே தலையைக் குனிந்துகொண்டு இருந்தோம். வருகிற ஆடியில் அவர்கள் இங்கே வந்து எங்கள் வீட்டில் ஒரு மாதம் நிற்கப் போகிறார்கள். என் பிள்ளைகள் கெட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அண்ணாவிடம் என்ன சொல்வது?

பதில்: தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. கனடா, லண்டன், பாரிஸ் என்று நாடு மாறும், கடற்கரை தடாகமாகும். போய் வந்தவர்கள் எழுதுவது மட்டும் அங்கேயிருக்கிற பெண்களின் உடுப்பைப் பற்றித்தான். அண்ணியின் உடுப்பு அண்ணியின் பாடு. போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, மகள் பைகளுக்குக் காவலாக இருந்தாள் என்று, அதைப் பற்றிக் கதைப்போம்.

நீங்களும் மனைவியும் பாயிலேயே இருந்திருக்கிறீர்கள். பைகளும் அங்கேதான் இருந்திருக்கும். பிறகெதற்குப் பிள்ளை காவல்? பூட்டி வைக்கிற பெட்டிகளும் அந்தத் தடாகங்களில் உண்டு, உங்கள் அண்ணா காட்டியிருப்பார். பைக்குக் காவல் தேவைப்படவில்லை. மகளைத் தண்ணீருக்குக் கிட்டப் போகவிடாமல் இருத்திவைக்க உங்களுக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. ஆடி வெயிலில், உங்கள் மகன் பெரியப்பாவின் முதுகில் தொங்கிக் கூத்தடிப்பதைப் பார்த்துக்கொண்டு, ஒரு பகல் முழுக்க அவள் அப்படி இருந்திருக்கிறாள். 'உனக்கு இறங்க விருப்பமா' என்று ஒருதரமாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

பெரியபிள்ளை ஆகிவிட்டாள் என்பீர்கள். ஆகட்டும். கையும் காலும் மூடுகிற நீச்சல் உடுப்பு அந்த நாட்டுக் கடைகளில் தொங்குகிறது. அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல்நாளே வாங்கி வைத்திருப்பார். அதுசரி, உங்கள் அம்மம்மா எங்கே குளித்தவர்? குளத்திலும் கிணற்றடியிலும் குறுக்குக்கட்டோடு குளித்த தலைமுறை அது. வயலால் வருகிற ஆண்கள் அந்தப் பாதையால்தான் போனார்கள், மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு. அதை நாங்கள் பழக்கமென்று வைத்திருந்தோம். இப்போது பார்க்கிறவனுக்கு ஒன்றும் சொல்வதில்லை, பிள்ளையைக் கரையில் இருத்துகிறோம்.

உங்கள் பெறாமகள் நாகரிகம் காட்டத் தண்ணீரில் இறங்கவில்லை. அவளுக்கு அது பள்ளிக்கூடப் பாடம். சுவிஸின் பாசல் நகரில் ஒரு பெற்றோர், ஆண்பிள்ளைகளோடு சேர்ந்த நீச்சல் வகுப்புக்குத் தங்கள் பெண்பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று நின்றார்கள். உடலை மூடும் உடுப்போடு வரலாம், பெடியன்கள் இல்லாத இடத்தில் உடுப்பு மாற்றலாம் என்று அதிகாரிகள் சொல்லியும் கேட்கவில்லை, தண்டம் விழுந்தது. 2017 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அதிகாரிகள் பக்கமே நின்றது. அங்கே பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் பாதுகாப்புச் சோதனை ஒன்று வைப்பார்கள்: கரையிலிருந்து ஆழத்துக்குள் உருண்டு விழ வேண்டும், 1 நிமிடம் மிதக்க வேண்டும், பிறகு 50 மீற்றர் நீந்த வேண்டும். தவறி விழுந்த பிள்ளை உயிரோடு கரைக்கு வர இவ்வளவும் வேண்டும்.

உங்கள் மகள் தவறி விழுந்தால்? நீங்கள் இருப்பது வன்னியில், தம்பி. ஒரு பக்கம் உடையார்கட்டுக் குளம், இன்னொரு பக்கம் கல்மடுக் குளம், கொஞ்சம் தள்ளி 36 அடி தண்ணீர் பிடிக்கிற இரணைமடு. மாரியில் குளம் நிறைந்து வான் பாயும்போது பார்க்கப் போகாத பிள்ளை உண்டா? கிரவல் அள்ளிவிட்டு மூடாமல் விட்ட கிடங்குகள் வேறு. தண்ணீர் நிறைந்தால் முழங்கால் ஆழமா, ஆள் ஆழமா என்று தெரியாது. மகன் எப்படியும் கூட்டாளிகளோடு குளத்தில் விழுந்தெழும்பிப் பழகிவிடுவான். மகளுக்கு நீங்கள் பழக்கினால்தான் உண்டு. 2004 மார்கழி 26ஆம் திகதி சுனாமி வந்தபோது முல்லைத்தீவுக் கரையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அடுத்த வருடம் ஒக்ஸ்பாம் என்ற உதவி நிறுவனம் எழுதிய அறிக்கையில், பெண்கள் கூடுதலாக இறந்ததற்கு ஒரு காரணம் இருந்தது: இலங்கையில் நீச்சலும் மரமேறலும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்கப்படுகின்றன.

மகள் கெட்டுவிடுவாள் என்ற பயம் உங்களுக்கு நிறைய இருக்கிறது. தண்ணீரில் தாண்டுவிடுவாள் என்ற பயம் கடிதத்தில் ஒரு வரியில்கூட இல்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

அண்ணாவை வீட்டில் வைத்திருப்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. கூடப்பிறந்தவர், டிக்கெட் போட்டுக் கூப்பிட்டவர், பாய் விரித்துச் சோறு போட்டவர். வாசலில் நின்று வரவேற்கிறது உங்கள் கடமை. அவரிடம் சொல்ல வேண்டியதும் இருக்கிறது: 'உன் மகளோடு சேர்ந்து என் மகளுக்கு நீந்தப் பழக்கிவிடு.' ஆடியில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டுக் குளம் இறங்கியிருக்கும். முதலை உள்ள குளமா, சேறு எங்கே, பள்ளம் எங்கே என்று அங்கே மீன் பிடிக்கிறவர்களைக் கேளுங்கள். தண்ணீர் திறந்துவிடுகிற துருசுப் பக்கம் ஒருவரும் போகக்கூடாது. இடுப்பளவுக்கு மேல் வேண்டாம். காற்றடித்த ரியூப் ஒன்றும் கயிறும் கையோடு இருக்க வேண்டும், அண்ணா பக்கத்திலேயே நிற்க வேண்டும். மனைவிக்கும் விருப்பமென்றால் அவரும் இறங்கட்டும்.

நீச்சல் உடுப்பை அவர்கள் வரும்போது வாங்கி வரட்டும், காசு நீங்கள் கொடுங்கள். அளவையும் நிறத்தையும் மகளிடமே கேட்டு அனுப்புங்கள். நீங்களாக ஒன்றைத் தீர்மானிக்க வேண்டாம்.