ஸ்டியரிங் ஹோஸ் கசிந்தால் வெளியே செய்து போடலாமா?

கேள்வி: என் 2009 மிட்சுபிஷி லான்சருக்கு சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டுகிறேன். பவர் ஸ்டியரிங் ஹோஸில் எண்ணெய் கசிகிறது. அசல் ஹோஸ் வர வாரக்கணக்கில் ஆகுமாம். வெளியே செய்து போடலாம் என்கிறார் பட்டறைக்காரர். நம்பலாமா? வாகனப் பரிசோதனையில் சிக்கல் வருமா? - வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: போடலாம். பரிசோதனை மையத்தில் ஹோஸ் விஷயத்தில் பார்ப்பது எண்ணெய் ஒழுகுகிறதா, ஹோஸ் எதிலாவது உரசுகிறதா என்பதைத்தான். அதே வழியில், அதே அழுத்தம் தாங்கும் ஹோஸைப் போட்டால் அது வெறும் பழுதுபார்ப்பு. பத்து வருடத்தைத் தாண்டிய காருக்கு வருடா வருடம் பரிசோதனை உண்டு என்பதால் கசிவைத் தள்ளிப்போடாதீர்கள். எண்ணெய் வற்றினால் பம்ப் போய்விடும்; சூடான எக்சாஸ்ட் மீது சொட்டினால் தீப்பிடிக்கவும் கூடும்.

நான் பயப்படுவது ஹோஸுக்கு அல்ல, நடுவில் நிற்கும் ஆளுக்கு. பல பட்டறைகளில் ஹோஸ் அழுத்தும் இயந்திரமே கிடையாது. உங்கள் பழைய ஹோஸைக் கழற்றி, கப்பலுக்கும் கிரேனுக்கும் ஹோஸ் செய்யும் ஹைட்ராலிக் கடையில் கொடுத்து வாங்கி வந்து, மேலே இன்னொரு விலை வைப்பார்கள். சில பேர் ஒரு படி மேலே போய், "ரேக்கே (சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் கருவி) போச்சு, மொத்தமா மாத்தணும்" என்பார்கள். கசிவு எங்கே என்று துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் பழைய ஹோஸைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்களே கடைக்குப் போங்கள். இரு முனைகளிலும் உள்ள இரும்புக் குழாய் துரு ஏறாமல் இருந்தால் அதையே வைத்து நடுவில் ரப்பரை மட்டும் மாற்றலாம். முனையை இயந்திரத்தில் அழுத்திப் பொருத்த வேண்டும். திருகு கிளிப் போட்டு இறுக்கித் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பம்பிலிருந்து வரும் அழுத்தம் 70, 80 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேல் போகும்.

இன்னொரு பொறி, "இரண்டு கம்பிவலை போட்டது, பலமா இருக்கும் அண்ணே" என்ற பேச்சு. அது வளையாது, பம்பின் இரைச்சலையும் அப்படியே வண்டிக்குள் கொண்டுவரும். வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇயின் ஜே188 தரத்தில் பவர் ஸ்டியரிங்குக்கென்றே ஹோஸ் இருக்கிறது, அதைக் கேளுங்கள். சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ் பல வகைகள் 100 டிகிரி வரைக்கும்தான். இன்ஜின் சூட்டில் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும்.

ஒரு விலக்கு. கசிவது பம்பிலிருந்து ரேக்குக்குப் போகும் அழுத்த ஹோஸா, ரேக்கிலிருந்து எண்ணெய்ப் புட்டிக்குத் திரும்பி வரும் ஹோஸா என்று முதலில் பாருங்கள். திரும்பி வருவதில் அழுத்தம் மிகக் குறைவு. அதைச் செய்யக் கொடுக்கவே வேண்டாம்; எண்ணெய் தாங்கும் ஹோஸை மீட்டர் கணக்கில் வாங்கி, நல்ல கிளிப் போட்டால் போதும். ஆனால் அதற்கு ரேடியேட்டர் ஹீட்டர் ஹோஸை வெட்டிப் போட்டுவிடுகிறார்கள். பார்க்க ஒன்றுபோலவே கறுப்பாக இருக்கும். தண்ணீருக்கான அந்த ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பி, கொஞ்ச நாளில் கிளிப்பிலிருந்து நழுவிவிடும். திரும்பும் ஹோஸ்தான் என்று உறுதியானால், ஹோஸின் மேல் அச்சடித்திருப்பதை வாசித்துப் பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும். அச்சே இல்லையென்றால் வேண்டாம்.

இதெல்லாம் வாகன ஓட்டியின் வேலையா என்று கேட்டால், இல்லைதான். பத்து வருடத்தில் வண்டியைக் கழித்துவிடுவது லாபம் என்று கணக்குப் போட்டுவைத்திருக்கும் ஊரில், ரப்பரை மட்டும் மாற்றித் தர யாருக்கு அக்கறை? ரப்பர் பழுதானாலும் இரும்புக் குழாயோடு சேர்த்து முழுசாகத்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரில் மலிவாகச் செய்யலாம் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மறுநாளே கசிந்தால் திரும்ப உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெரிசலில் நிற்பது நீங்கள்தான்.

மாற்றியதும் எண்ணெய்ப் புட்டியின் மூடியில் எழுதியிருக்கும் எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். முன் சக்கரங்களைத் தூக்கி, இன்ஜினை இயக்காமல் ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் திருப்பி, புட்டியில் குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு வாரம் ஓட்டிவிட்டு, முனைகளில் டிஷ்யூ வைத்துத் துடைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் ரசீதோடு அதே கடைக்கு.