சத்தமில்லாத கணினிப் பெட்டியை வீட்டிலேயே செய்வது: கேள்வி பதில்

இதுவரை ஐந்து பெட்டிகள் செய்திருக்கிறேன். அதில் இரண்டு படுதோல்வி, மூன்று இன்னும் ஓடுகின்றன. நான் பொறியாளன் இல்லை. மரவேலை தெரியும், இரவில் வேலை பார்க்கும் பழக்கம் உண்டு, ஃபேன் சத்தம் கேட்டால் எரிச்சல் வரும். தகுதி இவ்வளவுதான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: இருக்கிற தகரப் பெட்டிக்குள் ஃபோம் ஒட்டினால் போதாதா? எதற்குப் புதுப் பெட்டி?

என் முதல் தோல்வி அதுதான். நாலு பக்கமும் ஃபோம் ஒட்டினேன். சத்தம் வெளியே வருகிறதே என்று காற்றுத் துளைகளில் பாதியையும் அடைத்தேன். முதல் பத்து நிமிடம் அருமையாக இருந்தது. அப்புறம் உள்ளே சூடு ஏறியது, ஃபேன்கள் வேகம் எடுத்தன, முன்பு இருந்ததைவிட அதிகச் சத்தம்!

ஃபோம் கீச்சென்ற உயர்ந்த ஒலியைத்தான் உறிஞ்சும். 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கே அலைநீளம் 34 செ.மீ. ஹார்ட் டிஸ்க் உறுமுகிற 120 ஹெர்ட்ஸுக்கு கிட்டத்தட்ட 2.9 மீட்டர். இரண்டு செ.மீ. ஃபோம் அதை என்ன செய்துவிடும்? அதனால் சத்தம் பிறக்கிற இடத்தில் முதலில் கை வையுங்கள். பெட்டி அதற்குப் பிறகு, ஃபோம் கடைசியில். இன்னொன்று: மெத்தைக்குப் போடும் சாதாரண ஃபோம் சட்டென்று தீப்பிடிக்கும், அதைக் கணினிக்குள் ஒட்டாதீர்கள். தீ பரவாத வகை என்று குறிப்பிட்டு விற்பதை வாங்குங்கள். முட்டை அட்டை ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் பயனும் இல்லை, ஆபத்தும் உண்டு.

கேள்வி: சத்தம் பிறக்கிற இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகக் கேட்கிறது.

தடிமனான காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு பாகத்தின் அருகிலும் கொண்டுபோங்கள். டாக்டர் மார்பில் வைத்துக் கேட்பது போலத்தான். பெட்டியின் ஃபேன்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டும் கேட்டுப் பாருங்கள். கணினி சும்மா இருக்கும்போது ஓரிரு நிமிடம் ஒரு பெட்டி ஃபேன் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் பிராசஸர் மேல் இருக்கும் ஃபேனைத் தொட வேண்டாம்.

'ஸ்ஸ்' என்று வந்தால் காற்று. 'ம்ம்ம்' என்று மேசையோடு சேர்ந்து வந்தால் அதிர்வு. 'கீ' என்று மெல்லிதாக வந்தால் மின்சுருள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கேள்வி: பெட்டிக்கு பிளைவுட் நல்லதா, எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) நல்லதா? எத்தனை மி.மீ.?

ஒலியைத் தடுப்பது எடை. சுவரின் எடை இரு மடங்கானால் கணக்குப்படி சுமார் 6 டெசிபல் குறையும். 0.8 மி.மீ. தகரம் ஒரு சதுர மீட்டருக்கு ஆறு கிலோ சொச்சம். 18 மி.மீ. எம்டிஎஃப் சுமார் 13 கிலோ. தட்டினால் தகரம் மாதிரி அதிராது, 'டொக்' என்று அடங்கிவிடும். அதனால் என் ஓட்டு எம்டிஎஃப்புக்கு. ஆணி, திருகு நன்றாகப் பிடிக்க வேண்டும், அடிக்கடி தூக்க வேண்டும் என்றால் பிளைவுட். 18-க்கு மேல் போக வேண்டாம். காற்றுக்கு எப்படியும் துளை விட்டே ஆக வேண்டும், ஒலி அந்த வழியாக வந்துவிடும். கோட்டைச் சுவர் கட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

எம்டிஎஃப் அறுக்கும்போது முகமூடி கட்டாயம். அந்தத் தூள் மாவு போல நுரையீரல் வரை போகும், அதில் இருக்கும் பசையும் நல்லதல்ல. வெட்டிய ஓரங்களில் வார்னிஷோ பெயின்ட்டோ அடித்து மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் குடித்து உப்பும்.

கேள்வி: மரப்பெட்டி தீப்பிடிக்காதா? எர்த் எப்படிக் கிடைக்கும்?

கணினிப் பாகங்கள் 100 டிகிரியை ஒட்டினாலே தானாக வேகத்தைக் குறைக்கும், அல்லது அணைந்துவிடும். மரம் பற்றிக்கொள்ள 200 டிகிரிக்கு மேல் வேண்டும். மதர்போர்டுக்கான எர்த் பவர் சப்ளையின் கேபிள் வழியாகவே வந்துவிடுகிறது. ஆனால் மரம் மின்காந்த அலையைத் தடுக்காது. பக்கத்தில் ரேடியோ வைத்திருந்தால் கரகரக்கலாம். இதனாலும், அடுத்த பதிலில் சொல்லப்போகும் காரணத்தாலும், உள்ளே ஒரு தகரத் தட்டு வைப்பதே என் வழக்கம்.

கேள்வி: மதர்போர்டுக்குத் துளை போட அளவு எங்கே கிடைக்கும்? அரை மி.மீ. தவறினாலும் போச்சு அல்லவா?

அளந்து துளை போடவே போடாதீர்கள். உடைந்த பழைய கணினிக் கேஸ் (தகரப் பெட்டி) ஒன்றைப் பிடித்து, மதர்போர்டு உட்காரும் தட்டையும் பின்பக்கத் தகரத்தையும் சேர்த்து அறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். துளைகள், கார்டு செருகும் இடம், போர்ட்டுகளின் சதுரம் எல்லாம் தயாராகக் கிடைக்கும். அதைச் சுற்றி மரத்தைக் கட்டினால் போதும். எர்த்துக்காக அந்தத் தட்டைப் பவர் சப்ளையின் உலோக உடலோடு திருகி இணைத்துவிடுங்கள்.

இடம் திட்டமிட மட்டும் சில அளவுகள்: ஏடிஎக்ஸ் வகை மதர்போர்டு 305 x 244 மி.மீ., சிறிய மினி ஐடிஎக்ஸ் வகை 170 x 170. பவர் சப்ளையின் முகம் 150 x 86. ஃபேன் திருகுகளுக்கு இடையே 120 மி.மீ. ஃபேனில் 105, 140 மி.மீ. ஃபேனில் 124.5. இந்தக் கடைசி எண்ணை 125 என்று எடுத்துக்கொண்டு நான் ஒரு பலகையை வீணாக்கினேன்.

கேள்வி: எத்தனை ஃபேன்? குறைவாக வைத்தால் சத்தம் குறையும்தானே, அண்ணா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம், தம்பி. நடப்பது நேர்மாறு. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். அதே போன்ற இன்னொரு ஃபேனைச் சேர்த்தால் ஏறுவது 3 டெசிபல். ஆக, முழு வேகத்தில் ஒன்று ஓடுவதற்குப் பதில் பாதி வேகத்தில் இரண்டு ஓடினால், காற்று கிட்டத்தட்ட அதே அளவு, சத்தம் 12 டெசிபல் குறைவு.

எவ்வளவு காற்று வேண்டும்? 300 வாட் இழுக்கிற கணினியில், உள்ளே வந்த காற்று 10 டிகிரி மட்டும் சூடேறி வெளியேற வேண்டுமானால் நொடிக்கு சுமார் 25 லிட்டர் காற்று போக வேண்டும். 700, 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) சுற்றும் 140 மி.மீ. ஃபேன்கள் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று வைத்தால் நிம்மதி. உள்ளே தள்ளுவது அதிகமாக இருந்தால் இடுக்கு வழியாகத் தூசியும் நுழையாது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வேகம் பாதியானால் காற்றைத் தள்ளும் அழுத்தம் கால் பங்காகிவிடும். மெதுவாகச் சுற்றும் ஃபேன் தடையைக் கண்டால் சோர்ந்துவிடும். அதனால் வழி தாராளமாக இருக்க வேண்டும். பழைய கேஸ்களில் ஃபேனுக்கு முன்னால் தகரத்திலேயே குத்திய சல்லடை இருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு மெல்லிய கம்பி வலை போடுங்கள். ஃபேன் காற்றை இழுக்கிற பக்கம் தடை இருந்தால் இரைச்சல் அதிகம், அங்கே வலைக்கும் ஃபேனுக்கும் நடுவே சில செ.மீ. இடைவெளி விடுங்கள். முன்பக்கம் காற்று நேராக நுழையாமல் 'ட' மாதிரி ஒரு திருப்பம் வைத்து, அந்தத் திருப்பத்தின் உட்சுவரில் ஃபோம் ஒட்டினால் ஃபேனின் சத்தம் நேராகக் காதுக்கு வராது. ஃபோம் உருப்படியாக வேலை செய்யும் இடம் இது ஒன்றுதான் என்பேன். பாதையின் அகலத்தை மட்டும் குறைக்காதீர்கள்.

கேள்வி: இரண்டு ஃபேன் வைத்ததிலிருந்து 'வூம்... வூம்...' என்று அலை போல வருகிறது. பேரிங் போய்விட்டதா?

இல்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில், ஆனால் சற்று வித்தியாசமாகச் சுற்றுகின்றன. 800, 810 என்று சுற்றினால் இரண்டு ஒலிகளும் கூடியும் கழிந்தும் நொடிக்கு ஏறக்குறைய ஒரு தடவை அலை அடிக்கும். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) ஒன்றை 700, இன்னொன்றை 800 என்று பிரித்துவிடுங்கள். அங்கே போனதும், சூடு மாறிய உடனே வேகம் மாறாமல் சில நொடி தாமதம் வைக்கும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். ஒரே சீரான சத்தத்தைக் காது மறந்துவிடும். ஏறி இறங்கினால் மறக்காது.

கேள்வி: ஹார்ட் டிஸ்க் உறுமலுக்கு என்ன வழி?

7200 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 120 சுற்று, அதே 120 ஹெர்ட்ஸில் பெட்டியையே உறும வைக்கும். எஸ்எஸ்டிக்கு (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) மாறினால் பிரச்சினை அதோடு தீர்ந்தது. முடியாவிட்டால் டிஸ்க்கைத் திருகாமல், தையலுக்குப் பயன்படும் தடித்த எலாஸ்டிக்கில் ஊஞ்சல் மாதிரி கட்டித் தொங்கவிடுங்கள். வித்தியாசத்தை நம்பமாட்டீர்கள். ரப்பர் பேண்டு மட்டும் வேண்டாம், சூட்டில் இற்றுவிடும். எனக்கு ஒரு நாள் இரவு அறுந்து டிஸ்க் தொப்பென்று விழுந்தது. பிழைத்தது, ஆனால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பயணம் போவதாக இருந்தால் டிஸ்க்கைத் தனியாகக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: வாட்டர் கூலிங்?

பம்ப் ஒன்று, ரேடியேட்டருக்கு ஃபேன்கள் தனி. சத்தத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

கேள்வி: பவர் சப்ளையைத் திறந்து உள்ளே இருக்கும் ஃபேனை மாற்றலாமா?

திறக்காதீர்கள். மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கி அடிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். குறைந்த சுமையில் ஃபேன் நின்றுவிடும் மாடல்கள் கிடைக்கின்றன, அதை வாங்குங்கள். பெட்டியில் அதற்கென்று தனியாக ஒரு காற்று வழியும் விடுங்கள்.

கேள்வி: விளையாடும்போது மட்டும் கிராபிக்ஸ் கார்டிலிருந்து 'கீ' என்று வருகிறது, சார்.

அது மின்சுருள் அதிர்வது, ஃபேனை மாற்றிப் பயனில்லை. திரையில் நொடிக்கு வரும் படங்களின் (ஃபிரேம்) எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைத்துப் பாருங்கள். மெனுத் திரையில் 500, 600 ஃபிரேம் என்று வீணாக ஓடும்போதுதான் அதிகம் கத்தும். மிச்சம் இருப்பதைக் கனமான பெட்டி ஓரளவு விழுங்கும், ஏனென்றால் இது உயர்ந்த ஒலி.

கேள்வி: நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்துவிட்டேன். ஆனாலும் இரவில் 'டிக் டிக்' என்று ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.

முதலில் ஃபேன் இறக்கையில் ஏதாவது ஒயர் உரசுகிறதா பாருங்கள். உரசவில்லை என்றால் கணினியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். என் மூன்றாவது பெட்டியை இதற்காக இரண்டு தடவை முழுக்கப் பிரித்தேன். கடைசியில் அது சுவர்க் கடிகாரம்.