தண்ணீரில் போட்டதும் டெக்கல் மை கரைகிறதே!

கேள்வி: 1/72 அளவில் ஒரு விமான மாடல் செய்திருக்கிறேன். பெட்டியோடு வந்த டெக்கலில் (தண்ணீரில் நனைத்தால் தாளிலிருந்து வழுக்கி வரும் மெல்லிய ஒட்டுப்படம்) எனக்கு வேண்டிய எண்கள் இல்லை. அதனால் டிரான்ஸ்பரன்ட் டெக்கல் பேப்பர் வாங்கி, வீட்டு இங்க்ஜெட்டில் மஞ்சள் எண்களை அச்சடித்தேன். தண்ணீரில் போட்டதும் மை கரைந்து ஓடிவிட்டது. தப்பிப் பிழைத்த ஒரு எண்ணை ஒட்டினால், கரும்பச்சை இறக்கையில் அது இருப்பதே தெரியவில்லை. லேசர் பிரின்டர்தான் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். லேசர் வாங்கினால் கரைவது நிற்கும். ஆனால் மஞ்சள் அப்போதும் பச்சைக்குள் மறைந்துதான் போகும். உங்கள் தொல்லை இரண்டுக்கும் காரணம் மையின் குணம். இங்க்ஜெட் மை பெரும்பாலும் தண்ணீரில் கலந்தது. அதோடு கண்ணாடி மாதிரி, அடியில் இருப்பதைக் காட்டிவிடும். வெள்ளைத் தாளில் மஞ்சள் பளிச்சென்று தெரிவது தாளின் தயவால்தான்.

முதலில் கரைவதைப் பார்ப்போம். தாள் இங்க்ஜெட்டுக்கென்றே விற்பதுதானா என்று உறையைப் பாருங்கள். லேசர் தாளில் இந்த மை பிடிக்காமல் முத்து முத்தாக நிற்கும். அச்சடித்ததை ஓர் இரவு காயவிடுங்கள். பிறகு நிறமில்லாத பூச்சான அக்ரிலிக் க்ளியர் ஸ்பிரே. அவசரக்காரர்கள் கோட்டை விடும் இடம் இதுதான். முதல் பூச்சு பனி படிந்த மாதிரி, தாள் ஈரமாகத் தெரியாத அளவுக்கு இருக்கட்டும். ஒரே மூச்சில் நனைய நனைய அடித்தால் தண்ணீருக்குப் போகும் முன்பே மை கசிந்துவிடும். காயக் காய மூன்று மெல்லிய பூச்சு போதும். அதற்குமேல் போனால் படலம் தடித்து, மாடலில் ஸ்டிக்கர் ஒட்டியது போலத் தெரியும்.

இனி மஞ்சள். வீட்டு இங்க்ஜெட்டில் வெள்ளை மை கிடையாது. எனவே வெள்ளைப் படலம் உள்ள டெக்கல் பேப்பருக்கு மாறுங்கள். அதில் எண்ணைச் சுற்றியும் வெள்ளையாக இருக்கும் என்பதால் விளிம்போடு ஒட்ட வெட்டியாக வேண்டும். 1, 4, 7 மாதிரி நேர்கோட்டு எண்களுக்குப் புது ப்ளேடும் ஸ்கேலும் போதும். 8-இன் உள்வட்டங்கள்தான் பொறுமையைச் சோதிக்கும். அவற்றை வெட்டாமல் விட்டு, ஒட்டிய பின் இறக்கையின் பச்சையை நுனி பிரஷ்ஷால் நிரப்புவது என் வழக்கம். மிகப் பொடி எழுத்தென்றால் இந்த வழியே வேண்டாம், எழுத்து வடிவில் துளையுள்ள மாஸ்க் வெட்டி வைத்துப் பெயின்ட் அடிப்பது மேல்.

வெட்டியதும் இன்னொரு வேலை இருக்கிறது. வெட்டுவாயில் க்ளியர் பூச்சு இல்லாமல் மை திறந்து கிடக்கும். தண்ணீர் அங்கேதான் நுழையும். க்ளியரை பிரஷ்ஷில் தொட்டு விளிம்பைச் சுற்றி ஓட்டிக் காயவிடுங்கள். டெக்கலைக் கிண்ணத்தில் ஊறப் போடவும் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் பத்து விநாடி முக்கி எடுத்து, ஈர டிஷ்யூ மேல் வையுங்கள். முதலில் சுருளும், பிறகு தானே நிமிரும். விரலால் லேசாகத் தள்ளினால் படலம் வழுக்கும், அதுதான் பதம்.

அளவில் ஏமாறாதீர்கள். நிஜ விமானத்தில் 60 செ.மீ. உயர எண் என்றால் 1/72-இல் சுமார் 8.3 மி.மீ. பிரின்ட் செய்யும்போது அளவு 100% என்றே இருக்கட்டும். தாளுக்குப் பொருத்தும் வசதியை நிறுத்திவிட்டு, சாதாரணத் தாளில் ஒருமுறை அடித்து இறக்கையில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி பிம்பமாகத் திருப்ப வேண்டியதில்லை.

ஒட்டும் இடம் வழவழப்பாக இருக்கட்டும். பளபளப்பில்லாத மேட் பெயின்ட் மேல் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி பூத்தது போல மினுக்கும். அதனால் முதலில் பளபளப்பான க்ளாஸ் க்ளியர். டெக்கல் காய்ந்த பிறகு எல்லாவற்றுக்கும் மேல் மேட் க்ளியர். பேனல் கோடுகளில் (தகடுகள் சேரும் இடத்துப் பள்ளக் கோடுகள்) டெக்கல் படிய, அதை இளக்கும் மைக்ரோ சால் போன்ற திரவம் வைத்திருந்தால் நேரே இறக்கையில் தடவிவிடாதீர்கள். சில க்ளியர் பூச்சுகளை அது சுருக்கிவிடும். மிஞ்சிய துண்டு ஒன்றை உடைந்த பிளாஸ்டிக்கில் ஒட்டி, ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.