தேக்கு மேசைக்குள் வேறு மரம்: ஏமாந்துவிட்டேனா?

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “1960களில் செய்யப்பட்ட டேனிஷ் எழுத்து மேசை ஒன்றை, முழுத் தேக்கு என்று சொன்னதை நம்பி வாங்கினேன். பலகையின் ஓரத்தில் மெல்லிய ஏடு ஒன்று பெயர்ந்திருக்கிறது. அதனடியில் வேறு மரம் தெரிகிறது. நான் ஏமாந்துவிட்டேனா? மேற்பரப்பைத் தேய்த்துப் புதிதாக்கித் தருவதாகப் பழுதுபார்ப்பவர் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?”

விற்றவர் சொன்னது பொய்தான். ஆனால் மேசை போலியானது என்று அதைக் கொண்டு முடிவு செய்துவிட வேண்டாம். அகலமான தேக்குப் பலகை, குளிர்காலத்தில் வீட்டை வெப்பமூட்டும்போது உண்டாகும் வறட்சியில் சுருங்கும், கோடையில் விரியும். அதனால் அந்தக் காலத்துத் தொழிற்சாலைகள் மரக்கட்டைகளை ஒட்டிச் செய்த பலகை (blockboard) அல்லது மரச்சில்லுகளை அழுத்திச் செய்த சிப்போர்டின் இரு புறமும் தேக்கு வெனீரை, அதாவது மெல்லிய மர ஏட்டை, ஒட்டி, சுற்று ஓரங்களுக்கும் கால்களுக்கும் மட்டும் முழு மரத்தைப் பயன்படுத்தின. கைத்திறனை வேறு இடங்களில் தேடுங்கள். ஒரே மரத்துண்டிலிருந்து அடுத்தடுத்து சீவிய வெனீர் என்றால், இழுப்பறை முகப்புகளில் ரேகை ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தொடர்ந்து ஓடும். இழுப்பறையை வெளியே எடுத்து, அதன் மூலைகள் புறாவின் வால் போல விரியும் பற்களால் (dovetail) கோக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். அறையின் நடுவில் நிற்பதற்காகச் செய்த மேசையானால், அதன் பின்புறமும் முன்புறத்தைப் போலவே முடிக்கப்பட்டிருக்கும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கொடுக்காதீர்கள். அந்த வெனீரின் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உங்களுக்கு முன்பு யாராவது ஒருமுறை தேய்த்திருந்தால் அதிலும் குறைவாகவே மிஞ்சியிருக்கும். தேய்ப்பு இயந்திரம் ஓடினால் ஓரங்களும் மூலைகளும்தான் முதலில் போகும். உள்மரம் ஒருமுறை வெளிப்பட்டுவிட்டால், புது வெனீர் ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தச் செலவைச் சொல்லாமல், அடர்ந்த சாயத்தைப் பூசி, மேலே பாலியூரித்தேன் அடித்து, பளபளவென்று காட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறைய உண்டு. “ஒரே நாளில் புதுசாக்கித் தருகிறேன்” என்று யாராவது சொன்னால், அந்த நபருக்குக் கதவைத் திறக்கவே வேண்டாம்.

பெயர்ந்த ஏட்டை நீங்களே சரிசெய்யலாம். அடியில் உள்ள தூசியை ஊதி எடுத்துவிட்டு, மரப்பசையை ஊசிக்குழாயால் செலுத்தி, மெழுகுத்தாள் வைத்து, ஒரு இரவு முழுவதும் கிளாம்பால் அழுத்தி வையுங்கள். இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கி ஒட்ட வேண்டாம். பிறகு மென்மையான சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்ததும் தேக்கு எண்ணெயை மெல்லியதாகத் தடவி, மிகுதியை ஒற்றி எடுத்துவிடுங்கள். எண்ணெய் படிந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் அது தானாகவே தீப்பிடிக்கக்கூடும், விரித்துக் காயவையுங்கள்.

தரகர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டேனிஷ் மரச்சாமான் வடிவமைப்பாளர் ஆர்ன வொட்டர் போன்றவர்களின் பெயர்களை எந்த மேசைக்கும் ஒட்டிவிடுவது இவர்களுக்குப் பழக்கம். ஆதாரம் கேட்டால், இழுப்பறைக்குள் ஒட்டியிருக்கும் டேனிஷ் தரக்கட்டுப்பாட்டு முத்திரையைக் காட்டுவார்கள். 1959இல் தொடங்கிய அந்தத் திட்டம் தரத்துக்குத்தான் சான்று. வடிவமைப்பாளர் யார் என்பதை அது சொல்லாது. பெயருக்காகக் கூடுதல் விலை கேட்டால், தயாரிப்பாளரின் முத்திரையோ பழைய விலைச்சீட்டோ கேளுங்கள்.

மேசையின் மரம் உண்மையில் தேக்குதானா என்பதையும் உறுதிசெய்யுங்கள். கருமையான ரேகை ஓடினால் அது பிரேசில் ஈட்டி மரமாக (rosewood) இருக்கலாம். அப்படியானால் சட்டம் குறுக்கே வரும். அந்த மரம் 1992 ஜூன் 11 முதல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் உள்ளது. வீட்டில் வைத்திருக்க எந்தத் தாளும் தேவையில்லை. விற்பதானால், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே கூட, தடைக்கு முன்பே கிடைத்தது என்ற சான்றிதழ் வேண்டும். 1947க்கு முன் செய்த பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. உங்கள் மேசையோ 1960களைச் சேர்ந்தது, அந்த விலக்கு உதவாது. 2017இல் ஈட்டி மரப் பேரினம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். இசைக்கலைஞர்கள் எதிர்த்துக் குரல் கொடுக்க, 2019இல் இசைக்கருவிகளுக்கு விலக்களித்தார்கள், ஆனால் பிரேசில் ஈட்டி அந்தச் சலுகையிலும் சேரவில்லை. சான்றிதழுக்காக மரத்தின் லத்தீன் பெயரைக் கேட்கும் படிவத்தை நீட்டுகிற அலுவலகம், அந்தப் பெயரை அறுதியிட்டுச் சொல்லக்கூடியவர் யார் என்பதைச் சொல்வதில்லை. மேசையை விற்கும் எண்ணமோ வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணமோ இருந்தால், மரம் எது என்று மர அடையாளம் அறிந்த வல்லுநரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே விளம்பரம் கொடுங்கள்.