நாகை மாவட்ட உள்ளாட்சி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மயிலாடுதுறை பிரிந்த பிறகு நாகை மாவட்டத்தில் எஞ்சியிருக்கும் உள்ளாட்சி அமைப்புகள் எவை? மாவட்டம் சிறியதானதால் ஊராட்சிகளின் அதிகாரத்தில் மாற்றம் உண்டா?
– வாசகர், கீழ்வேளூர்

பதில்: 1991-இல் தஞ்சாவூரிலிருந்து பிரிந்து உருவான நாகை மாவட்டம், 2020 டிசம்பர் 28-ஆம் தேதி மயிலாடுதுறை தனி மாவட்டமானபோது, தன்னிடமிருந்த 11 ஊராட்சி ஒன்றியங்களில் 5-ஐ அதற்குக் கொடுத்தது. நாகப்பட்டினம், திருமருகல், கீழ்வேளூர், கீழையூர், தலைஞாயிறு, வேதாரண்யம் ஆகிய 6 ஒன்றியங்களும் அவற்றுக்கு உட்பட்ட 193 ஊராட்சிகளும் இன்று நாகையில் உள்ளன. நாகப்பட்டினமும் வேதாரண்யமும் நகராட்சிகள்; வேளாங்கண்ணி, கீழ்வேளூர், திட்டச்சேரி, தலைஞாயிறு ஆகியவை பேரூராட்சிகள். அதிகாரத்தில் மாற்றம் ஏதுமில்லை, ஏனெனில் ஊராட்சிகளின் அதிகாரம் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்திலிருந்து வருவதே தவிர மாவட்ட எல்லையிலிருந்து வருவதன்று. தரங்கம்பாடிப் பக்கத்து மக்கள் ஆட்சியரைப் பார்க்க, புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலைக் கடந்து நாகைக்கு வந்த அலைச்சல்தான் முடிவுக்கு வந்தது.

கேள்வி: நாங்கள் வேதாரண்யம் வட்டத்தில் கடலோரக் கிராமம் ஒன்றில் வசிக்கிறோம். ஊர்ப் பஞ்சாயத்தார் இருக்கிறார்கள், ஊராட்சி மன்றம் இருக்கிறது, வட்டாட்சியர் அலுவலகமும் இருக்கிறது. தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வருவதில்லை, வீட்டுமனைக்குப் பட்டாவும் இல்லை. ஒவ்வோர் இடத்திலும் "இது எங்கள் வேலை இல்லை" என்கிறார்கள். யாரிடம்தான் போவது?
– வாசகி, வேதாரண்யம் வட்டம்

பதில்: உங்கள் மூன்று குறைகளும் வெவ்வேறு அலுவலகங்களைச் சேர்ந்தவை. இதை முதலிலேயே ஒருவர் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பட்டா வருவாய்த் துறையின் பொறுப்பு. கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியரிடம் போக வேண்டும், ஊராட்சித் தலைவரால் பட்டா கொடுக்க முடியாது. தெருவிளக்கு முழுக்க ஊராட்சியின் பொறுப்பு. ஊராட்சிச் செயலரிடம் எழுத்து மூலம் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். குடிநீரில்தான் சிக்கல் அதிகம். கடலோரத்தில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பதால் கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டம் மூலம் தண்ணீர் வருகிறது. மேல்நிலைத் தொட்டி வரை கொண்டுவந்து சேர்ப்பது குடிநீர் வடிகால் வாரியம், தொட்டியிலிருந்து தெருக்குழாய் வரை கொண்டுபோவது ஊராட்சி. எனவே தொட்டியில் தண்ணீர் ஏறுகிறதா என்று தொட்டி இயக்குபவரிடம் முதலில் கேளுங்கள். ஏறியும் உங்கள் தெருவுக்கு வரவில்லை என்றால் ஊராட்சி பதில் சொல்ல வேண்டும். ஏறவே இல்லை என்றால் வாரியம் பதில் சொல்ல வேண்டும்.

ஊர்ப் பஞ்சாயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலைத் தகராறு, படகுத் தகராறு, கோயில் திருவிழா ஆகியவற்றைத் தலைமுறைகளாகக் கவனித்துவரும் அமைப்பு அது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நிவாரணப் பொருட்களைப் பங்கிட்டதில் அதன் பங்கு பெரிது, அதை மதிக்கிறேன். ஆனால் அதற்குச் சட்டப்படியான நிதியும் இல்லை, வரி விதிக்கும் உரிமையும் இல்லை. பெண்களுக்கு அதில் வழக்கமாக இடமும் இருந்ததில்லை. ஊராட்சி மன்றத்திலோ பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. நம் கரையோரத்தில் பல மீனவக் குடியிருப்புகள், உள்ளே வயல் சார்ந்த கிராமங்களோடு ஒரே ஊராட்சியில் சேர்ந்திருப்பதால், மன்றத்தில் அவர்களுக்கு ஓரிரு வார்டுகளே கிடைக்கின்றன. அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும் இடம் கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர்.

கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் மே 1-ஐ விட்டுவிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகில் போகும் ஆண்களும் அன்று ஊரில் இருப்பார்கள். மற்ற நாட்களில் பலர் கடலில் இருக்கக்கூடும். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேரும், 10,000 வரை என்றால் 200 பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லும். பல ஊர்களில் தீர்மானப் பதிவேட்டில் முதலில் கையெழுத்தை வாங்கிவிட்டு, பிறகு தீர்மானத்தை எழுதிக்கொள்கிறார்கள். இதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். "எங்கள் தெருவில் இத்தனை விளக்குகள் எரியவில்லை" என்று எழுதச் சொல்லி, எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்திடுங்கள்.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் விடப்பட்டன. வாசலில் நின்று கேள்வி கேட்க வார்டு உறுப்பினர் இல்லாத காலம் கடலோர மக்களுக்கு எவ்வளவு கடினமானது என்பதை அரசு உணர வேண்டும். அப்படிப்பட்ட காலத்திலும் கிராம சபை நடக்கும், அதன் தீர்மானத்துக்கு மதிப்பும் உண்டு.

கேள்வி: எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு இணைக்கப்போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். இது நல்லதுதானே?
– வாசகர், நாகப்பட்டினம் ஒன்றியம்

பதில்: சாலையும் கழிவுநீர் வடிகாலும் மேம்பட வாய்ப்புண்டு. ஆனால் ஊரக வேலை உறுதித் திட்டம் ஊராட்சிப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. இணைந்தால் அது நின்றுவிடும். கடைமடையில் நடவும் அறுவடையும் இல்லாத மாதங்களில் அந்தக் கூலியை நம்பியிருக்கும் பெண்களுக்கு இது பேரிழப்பு. வீட்டு வரியும் உயரக்கூடும். தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் போய்விடும், ஏனெனில் நகராட்சித் தலைவரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே, விவசாயக் கூலி வேலையை நம்பியிருக்கும் ஊரை அவசரமாக இணைப்பது சரியன்று என்பதே என் கருத்து. அரசு தன் உத்தேச அறிவிக்கையை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும்போது, கிராம சபைத் தீர்மானத்தின் நகலோடு ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே மனுக் கொடுப்பது நல்லது.